சாட்சியாய் நிற்கும் பனிமலை

திருவிழா என்றதும் நம் மனத்தில் எழுபவை விளக்கு, கோலம், புத்தாடை, இனிப்பு, உறவினர் கூட்டம். இவை யாவும் நல்லவையே. ஆனால், ‘இந்த விழாவில் நீ யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தாய்?’ என்று ஒருவர் கேட்டால் நம்மில் பலர் விடை தெரியாமல் திகைப்போம். விழாவுக்கும் வாக்குறுதிக்கும் என்ன தொடர்பு என்றுகூடத் தோன்றும்.

இமயத்தின் மடியில் அமைந்துள்ள சிக்கிமில் ஆண்டுதோறும் ஒரு விழா நடைபெறுகிறது. அது விளைச்சலுக்காக எடுக்கப்படும் விழா அன்று. போர் வெற்றியைக் கொண்டாடும் விழாவும் அன்று. பல நூற்றாண்டுகளுக்கு முன் இரு மனிதர்கள் கைபற்றி உரைத்த ஓர் உறுதிமொழியை நினைவுகூரும் விழா அது. அந்த உறுதிமொழிக்குச் சாட்சியாக நின்ற பனிமலையை அன்று மக்கள் வணங்குகின்றனர். அதன் பெயர் பாங் லாப்சோல். ‘பாங்’ என்றால் சாட்சி. ‘லாப்சோல்’ என்றால் தெய்வ வழிபாடு. திபெத்திய நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் பதினைந்தாம் நாளன்று, பெரும்பாலும் ஆகஸ்ட் இறுதியிலோ செப்டம்பரிலோ, இது கொண்டாடப்படுகிறது.

வரம் தருபவராக இறைவனை வணங்குகிறோம், காப்பவராக வணங்குகிறோம். ‘நான் சொன்னதையும் செய்ததையும் பார்த்துக்கொண்டிருப்பவர்’ என்று அவரை வணங்குகிறோமா? இந்த விழா நம்முன் வைக்கும் கேள்வி இதுவே.

இரு குலங்களின் உறவு

சிக்கிமின் பழங்குடியினர் லெப்சாக்கள். அவர்களுக்குப் பின் திபெத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் பூட்டியாக்கள். வந்தவர்களும் இருந்தவர்களும் எப்படி ஒரே மண்ணில் வாழத் தொடங்கினர் என்பதைச் சிக்கிமின் மரபு ஒரு வரலாறாகச் சொல்கிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் கியே பும்சா என்ற வீரர் திபெத்திலிருந்து தெற்கு நோக்கி வந்து சும்பி பள்ளத்தாக்கில் தங்கினார். இலட்சம் பேரின் வலிமை கொண்டவர் என்று மரபு அவரைப் போற்றுகிறது. அத்தனை வலிமை இருந்தும் அவருக்கு மகப்பேறு இல்லை. லெப்சாக்களின் தலைவரும் பூசகருமான தேகோங் தேக் என்பவரின் ஆசி பெற்றால் குறை நீங்கும் என்று கேள்வியுற்று, அவரைத் தேடி மலை கடந்து சென்றார். வலிமை மிக்கவர் எளிய மலைவாசி ஒருவரின் முன் கை கூப்பி நின்றார். ஆசி பலித்தது, மூன்று புதல்வர்கள் பிறந்தனர்.

அதன்பின் இருவரும் காபி லுங்சோக் என்ற இடத்தில் சகோதர உறவு ஏற்றுக்கொண்டனர். அக்கால மலைக்குடிகளின் வழக்கப்படி விலங்குகளைப் பலியிட்டு, குருதியைச் சாட்சியாக்கி, கற்களை நட்டு, தங்கள் வழித்தோன்றல்களும் உடன்பிறந்தாராகவே வாழ்வார்கள் என்று உறுதி கூறினர். அந்த உறுதிமொழியைக் கேட்கும்படி கஞ்சன்ஜங்கா மலைத்தெய்வத்தை அழைத்தனர். கங்டோக்கிலிருந்து வடக்கே செல்லும் நெடுஞ்சாலையில், இருபது கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவில், மரங்கள் அடர்ந்த அந்த இடத்தில் நடப்பட்ட கற்கள் இன்றும் போற்றிக் காக்கப்படுகின்றன.

கியே பும்சாவின் வழியில் வந்த புன்ட்சோக் நம்கியால் 1642-இல் யுக்சோமில் சிக்கிமின் முதல் அரசராக முடிசூட்டப்பெற்றார். அந்த அரசமரபு 1975-இல், சிக்கிம் இந்தியாவின் 22-ஆவது மாநிலமாக இணைந்தபோது முடிவுற்றது. அரசு போயிற்று, விழா போகவில்லை. அரசருக்குரிய விழாவாக மட்டும் இருந்திருந்தால் அரசரோடு அது மறைந்திருக்கும். வாக்குறுதிக்குரிய விழாவாதலால் நிலைத்தது.

பனியிலிருந்து பிறந்த மக்கள்

கஞ்சன்ஜங்கா 8,586 மீட்டர் உயரமுள்ளது. உலகின் மூன்றாவது உயர்ந்த சிகரம். திபெத்திய மொழியில் அதன் பெயருக்குப் ‘பெரும்பனியின் ஐந்து கருவூலங்கள்’ என்பது பொருள். உப்பு, பொன்னும் மணியும், திருநூல்கள், படைக்கலங்கள், தானியமும் மருந்தும் ஆகிய ஐந்தும் அதன் ஐந்து முடிகளில் காக்கப்படுகின்றன என்பது நம்பிக்கை. ஒரு சமுதாயம் நல்வாழ்வு வாழத் தேவையானவை அனைத்தும் இந்த ஐந்தில் அடங்கிவிடுகின்றன. அன்றாட உணவுக்கான உப்பும் மெய்யறிவுக்கான திருநூலும் அருகருகே வைக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது. உடலுக்கு ஒரு தெய்வம், ஆன்மாவுக்கு வேறொரு தெய்வம் என்று அம்மக்கள் பிரிக்கவில்லை.

லெப்சாக்களுக்கோ இந்த மலை இன்னும் நெருக்கமானது. படைப்புத் தாய் கஞ்சன்ஜங்காவின் தூய பனியை எடுத்தே முதல் மனிதர்களை உருவாக்கினாள் என்பது அவர்களின் தொல்கதை. இறந்த பின் உயிர் அந்தப் பனிமலையை நோக்கியே மீள்கிறது என்றும், அதற்கு வழிகாட்டுவது தங்கள் பூசகரின் கடமை என்றும் அவர்கள் நம்புகின்றனர். மலையிலிருந்து வந்தோம், மலைக்கே திரும்புகிறோம் என்பதே அவர்களின் வாழ்க்கை நோக்கு. எதிலிருந்து தோன்றினோமோ அதிலேயே ஒடுங்குகிறோம் என்று உபநிடத முனிவர் ஆராய்ந்து கூறிய உண்மையின் சாயலை, எழுத்தறியாத அம்முன்னோர் பனியிலும் பாறையிலும் கண்டனர்.

முகமூடியும் வாளும்

லத்சுன் செம்போ என்ற பெரியார் இந்த மலை வழிபாட்டைப் பௌத்த நெறியோடு இணைத்தார். மூன்றாம் அரசரான சக்தோர் நம்கியால், பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தியானத்தில் தாம் கண்ட காட்சியைப் பின்பற்றி இவ்விழாவுக்குரிய வீரர் நடனத்தை வகுத்தார் என்பர். அரசர் காலத்தில் கங்டோக்கின் சுக்லாகாங் மடாலய முற்றத்தில் அது சிறப்பாக நிகழ்ந்தது. ரவங்லா போன்ற ஊர்களில் முகமூடி நடனத்தோடு விழா இன்றும் தொடர்கிறது.

நடனத்தில் கஞ்சன்ஜங்கா செந்நிற முகத்தோடு, ஐந்து கபாலங்கள் பொருந்திய மகுடம் அணிந்து தோன்றுகிறார். அவருடைய படைத்தலைவராக மகாகாளர் வருகிறார். தலைக்கவசமும் கேடயமும் வாளும் ஏந்திய வீரர்கள் முழக்கமிட்டு ஆடுகின்றனர். இடையிடையே கோமாளிகள் கூட்டத்தைச் சிரிக்க வைக்கின்றனர்.

உடன்பிறப்பு உறவைக் கொண்டாடும் விழாவில் வாளும் உக்கிரமான முகமூடியும் எதற்கு? தரும பாலகர்கள் எனப்படும் காவல் தெய்வங்களின் சினம் மனிதர்மீது எழும் சினம் அன்று. அறத்தைச் சிதைக்கும் அறியாமை மீது எழுவது அது. பேராசை, பொறாமை, செருக்கு என்னும் உட்பகைகள் அழியாமல் எந்த உறவும் நிலைக்காது. உறவை முறிப்பது எதிரியின் வாள் என்று நினைக்கிறோம். உண்மையில் அதை முறிப்பது, ‘எனக்கு மட்டும் சற்று அதிகம்’ என்று மெல்லப் பேசும் நம் மனமே. அந்த மனத்தை நோக்கித்தான் வாள் சுழல்கிறது.

மலை எவ்வாறு சாட்சியாகும்?

கற்றவர் ஒருவர் இங்கே தடை எழுப்பலாம்: ‘மலை சடப்பொருள். அதற்குக் காதும் இல்லை, நாவும் இல்லை. பேசாத ஒன்று சாட்சி சொல்வது எப்படி?’

கேள்வி நியாயமானது. இதற்கு இரண்டு நிலைகளில் விடை உண்டு.

நாம் திருமணத்தில் அக்கினியைச் சாட்சியாக்குகிறோம். வழக்கு மன்றத்தில் வந்து அக்கினி பேசப்போவதில்லை. ஆயினும் பின்னாளில் வீட்டில் விளக்கேற்றும்போதெல்லாம் அந்த வாக்கு நினைவுக்கு வருதல் வேண்டும் என்பது முன்னோர் கருத்து. கஞ்சன்ஜங்காவும் அப்படியே. வானம் தெளிந்த காலைகளில் சிக்கிமின் எத்தனையோ ஊர்களிலிருந்து அது தெரிகிறது. வாக்குக் கொடுத்தவரின் பேரனும் வாக்குப் பெற்றவரின் பேரனும் கதவைத் திறந்தால் காண்பது ஒரே சிகரத்தை. பத்திரத்தைப் பெட்டியில் பூட்டி மறந்துவிடலாம். பனிமலையை எந்தப் பெட்டியில் பூட்டுவது? இது முதல் நிலை.

இரண்டாவது நிலை இதனினும் ஆழமானது. மகாபாரதத்தின் ஆதிபர்வத்தில் சகுந்தலை தன் மகனுடன் துஷ்யந்தனின் அவைக்கு வருகிறாள். வனத்தில் தந்த வாக்கை அறிந்தும் அறியாதவன்போல் மன்னன் பேசுகிறான். அவளுக்காகச் சாட்சி சொல்ல அங்கு எவரும் இல்லை. அப்போது அவள், சூரியனும் சந்திரனும் காற்றும் நெருப்பும் மட்டுமல்ல, இதயத்தில் உறையும் பழைய முனிவர் ஒருவரும் நம் செயலை அறிவார் என்பதை மன்னனுக்கு உணர்த்துகிறாள். வெளிச்சாட்சிகளை வரிசையாக அடுக்கி, இறுதியில் அகச்சாட்சியிடம் வந்து நிற்கிறது அவள் வாதம்.

அந்த அகச்சாட்சியே வேதாந்தம் கூறும் ஆத்மா. கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்தில் பகவான் தம்மைக் குறிக்கும் பெயர்களுள் ‘சாட்சி’ என்பதும் ஒன்று. வித்யாரண்யர் தமது பஞ்சதசியில் ‘நாடக தீபம்’ என்று ஓர் அத்தியாயமே வகுத்துள்ளார். அரங்கில் எரியும் விளக்கு தலைவனையும் ஆடுபவரையும் காண்போரையும் வேறுபாடின்றி ஒளிர்விக்கிறது. எல்லோரும் சென்ற பின்பும் தான் எரிந்துகொண்டிருக்கிறது. உள்ளத்தின் எண்ணங்கள் ஆடி ஓய்ந்த பின்பும் அவற்றை விளங்கவைத்த சைதன்யம் அப்படியே இருக்கிறது என்பது அதன் உட்பொருள்.

பாங் லாப்சோல் நடனத்தை இந்த எண்ணத்தோடு பாருங்கள். கீழே முற்றத்தில் வீரர் ஆடுகிறார், கோமாளி சிரிக்கிறார், குழந்தை அஞ்சுகிறது. ஆட்டம் முடிந்து முகமூடிகள் களையப்படுகின்றன, முற்றம் வெறிச்சோடுகிறது. மலை மட்டும் முன்போலவே நிற்கிறது. வேதாந்தி விளக்கைக் காட்டிச் சொன்னதை, மலைமக்கள் பனிச்சிகரத்தைக் காட்டிச் சொல்கின்றனர். கீதையின் பத்தாம் அத்தியாயத்தில், அசையாதவற்றுள் தம் பெருமை விளங்குமிடமாகப் பகவான் இமயத்தைக் குறிப்பிடுவதும் இங்கே நினைக்கத்தக்கது.

வாக்கு முறிந்த காலம்

கஞ்சன்ஜங்காவைச் சாட்சி வைத்ததால் சிக்கிமில் என்றும் அமைதி நிலவியது என்று சொன்னால் அது உண்மையாகாது. 1826-இல் போலெக் என்ற லெப்சா முதன்மை அமைச்சர் அரண்மனைப் பகையால் கொல்லப்பட்டார். அவரைச் சார்ந்த லெப்சாக் குடும்பங்கள் நூற்றுக்கணக்கில் நாட்டைவிட்டு நேபாளத்தின் இலாம் பகுதிக்கு வெளியேறின. உடன்பிறந்தார் என்று உரைத்தவர்களின் வழியில் வந்தவர்களிடையே குருதி சிந்தியது. மண்ணின் மூத்த குடிகளான லெப்சாக்கள் காலப்போக்கில் தங்கள் சொந்த நிலத்திலேயே சிறுபான்மையினராயினர்.

அப்படியானால் உறுதிமொழியால் என்ன பயன்? விழாவால் என்ன பயன்?

பயன் உண்டு. வாக்கு முறிந்த ஆண்டின் அடுத்த ஆண்டிலும் ஏழாம் மாதப் பௌர்ணமி வரும். பிழை செய்தவனும் பிழைக்கு உள்ளானவனும் அதே மலையைப் பார்த்தாக வேண்டும். சாட்சி இருப்பதால் மனிதன் தவறவே மாட்டான் என்பதில்லை. தவறியபின், ‘இது தவறன்று’ என்று தன்னையே ஏமாற்றிக்கொள்ள இயலாமற்போகிறது. ஆன்மிக வாழ்வில் இது சிறிய பயன் அன்று. சாதகன் விழுவது இயல்பு. விழுந்ததை எழுச்சி என்று பெயரிட்டு மகிழ்வதே அழிவு.

தொடாமல் விட்ட சில அடிகள்

சாட்சியின்மீது மதிப்பு உண்டென்பதை எப்படிக் காட்டுவது? 1955 மே 25 அன்று ஜோ பிரவுன், ஜார்ஜ் பேண்ட் என்ற இரு பிரிட்டிஷ் மலையேறிகள் முதன்முறையாகக் கஞ்சன்ஜங்காவின் உச்சியை அடைந்தனர். ஆனால் உச்சியின்மீது கால் வைக்கவில்லை. சில அடிகள் கீழேயே நின்றுவிட்டனர். உச்சியை மிதிக்கமாட்டோம் என்று சிக்கிம் அரசருக்கு அவர்கள் குழுவின் தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார். அங்கே அவர்களைத் தடுக்க எவரும் இல்லை. மிதித்திருந்தால் பார்த்துச் சொல்லவும் எவரும் இல்லை. வேற்று நாட்டவர், வேற்றுச் சமயத்தவர் இருவர் சாட்சி என்ற சொல்லின் பொருளை அந்தச் சில அடிகளில் உணர்த்தினர். மறுநாள் ஏறிய இருவரும் அவ்வாறே செய்தனர். பின்வந்த மலையேறிகளில் பலரும் இந்த மரபைப் போற்றியுள்ளனர். 2001-இல் சிக்கிம் அரசு கஞ்சன்ஜங்கா உள்ளிட்ட புனிதச் சிகரங்களில் ஏறுவதற்குத் தடை விதித்தது.

ஆறுகளைக் குறித்தும் இதே கேள்வி எழுந்தது. தாஷிதிங் மடாலயத்தில் ஆண்டுக்கொரு முறை புனிதக் கலசத்தைத் திறக்கும் பூம்சூ விழாவோடு தொடர்புடையது ராதோங் சூ என்ற ஆறு. அதில் தொடங்கப்பட்ட நீர்மின் திட்டத்தைத் துறவியரும் மக்களும் எதிர்த்தனர். 1997-இல் அரசு அதைக் கைவிட்டது. லெப்சாக்களின் ஸோங்கு பகுதியில் திட்டமிடப்பட்ட அணைகளை எதிர்த்து, 2007-இல் அவ்வின இளைஞர்கள் கங்டோக்கில் உண்ணாநோன்பு தொடங்கினர். இறந்தவரின் உயிர் மலைக்குத் திரும்பும் வழியல்லவா அந்த ஆறுகள் ஓடும் நிலம்! 2008-இல் அங்கு நான்கு திட்டங்கள் கைவிடப்பட்டன. ஆனால் தீஸ்தா ஆற்றில் வேறு அணைகள் எழுந்தன.

2023 அக்டோபர் 3-ஆம் நாள் இரவில், மலைமீதிருந்த தெற்கு லோனாக் ஏரிக்குள் பனியுறைந்த சரிவு பெயர்ந்து விழுந்தது. ஏரியின் கரை உடைந்தது. பெருக்கெடுத்த வெள்ளம் சுங்தாங்கில் 1,200 மெகாவாட் திறனுள்ள நீர்மின் திட்டத்தின் அணையை அடித்துச் சென்றது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர், பலர் காணாமற்போயினர்.

இதை மலைத்தெய்வத்தின் தண்டனை என்று கூறுவோர் உண்டு. அப்படிக் கூறுதல் தகாது. அந்த இரவில் மாண்டவர்கள் ஆற்றங்கரையில் வாழ்ந்த எளியவர்களும், கடமையில் இருந்த படைவீரர்களும். தவறு ஓரிடத்தில் இருக்க வேறிடத்தில் தண்டிப்பது தெய்வத்தின் இயல்பாகாது. உலகம் வெப்பமுற்றுப் பனி உருகுவதும், ஏரிகள் பெருகுவதும், அபாயம் தெரிந்தும் பள்ளத்தாக்குகளில் கட்டிக்கொண்டே போவதும் காரண காரியத் தொடர்புடையவை. சாட்சி தண்டிப்பதில்லை. நாம் பார்க்க மறுத்ததையும் அது பார்த்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. அந்தப் பனி உருகியதில் சிக்கிமின் பங்கு மிகச் சிறிது. நகரங்களில் வாழும் நம் பங்கோ பெரிது. ஆதலால் நாம் அம்மக்களுக்காக இரங்குவதோடு நின்றுவிட இயலாது.

நம் இல்லத்து விழாக்கள்

அன்பர்களே, கஞ்சன்ஜங்கா நம் சாளரத்தில் தெரியாது. ஆயினும் சாட்சி இல்லாத வீடு எதுவும் இல்லை. இனி வரும் விழா நாளில், அது எந்த விழாவானாலும், மூன்று செயல்களை மேற்கொள்ளலாம்.

முதலாவது, பூசை முடிந்ததும் குடும்பத்தினர் சற்று நேரம் மௌனமாக அமர்ந்து, கடந்த ஆண்டு கொடுத்து நிறைவேற்றாத வாக்கு ஒன்றை நினைவுகூர்தல். முதிய பெற்றோரிடம் சொன்னதாக இருக்கலாம். உடன்பிறந்தவரிடம் நிலத்தைக் குறித்தோ பணத்தைக் குறித்தோ சொன்னதாக இருக்கலாம்.

இரண்டாவது, கியே பும்சா செய்ததைச் செய்தல். வலிமை உடையவர் எவரோ அவர் முதலில் நடக்க வேண்டும். பிணக்குள்ள உறவினரின் வாசலுக்கு, ‘அவன் வரட்டும்’ என்று காத்திராமல் தாமே செல்லுதல்.

மூன்றாவது, உச்சிக்கு முன்னால் சில அடிகளை விட்டுவைத்தல். நமக்கு உரிமை இருக்கிறது, வசதி இருக்கிறது, தடுப்பாரும் இல்லை என்ற நிலையில் ஏதேனும் ஒன்றைத் தொடாமல் விடுதல். அது பொருளாயினும் புகழாயினும் கடைசிச் சொல்லாயினும் சரி. துறவு என்பது காவி உடுத்தவருக்கு மட்டும் உரியதன்று. இல்லறத்தாரின் துறவு அந்தச் சில அடிகளில் இருக்கிறது.

லெப்சாக்களும் பூட்டியாக்களும் வணங்கும் அந்தப் பனிமலை எதுவும் பேசுவதில்லை. எதையும் மறைப்பதும் இல்லை. நம் இதயத்தில் உறையும் பரம்பொருளும் அத்தகையதே. அதன் பார்வையில் வாழ்கிறோம் என்ற நினைவு முதலில் அச்சமாகத் தொடங்கி, பின்னர் நாணமாகி, முடிவில் அன்பாகக் கனியும். பார்த்துக்கொண்டிருப்பவர் நமக்கு அயலானவர் அல்லர் என்று உணரும் நாளே உண்மையான திருநாள். அந்நாளை அடைய, கொடுத்த வாக்கைக் காக்கும் வலிமையை இறைவன் நமக்கு அருள வேண்டும் என்று பிரார்த்திப்போமாக.